வெந்நீர் கேட்ட அறை

நவம்பர் 20

குளிர் ஆரம்பித்துவிட்டது. ஓசூரில் குளிர் வந்தால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். நாள் முழுக்க போன். ஒருவர் தண்ணீர் சுடவில்லை என்கிறார், இன்னொருவர் குழாய் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டு மெஷின் சரியில்லை என்கிறார். எங்கள் தொழிற்சாலையில் செய்யும், தண்ணீர் சுடவைக்கிற ஹீட் பம்பை வீடுகளில் பொருத்தப் போகிற பிளம்பர்களும் எலக்ட்ரீஷியன்களும் எங்கே சிக்கிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ‘என் பொண்டாட்டி பிளம்பர்களுக்கு டாக்டர்’ என்று அசோக் தன் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறானாம்.

மத்தியானம் கேன்டீனில் லாவண்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செம்புக் குழாய்களைப் பற்றவைக்கிற லைனில் இருக்கிற பெண். மணப்பாறைப் பக்கம். நானும் புதுக்கோட்டைக்காரி என்பதால் ஒட்டிக்கொண்டாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நவீன்குமார், நாகரசம்பட்டியில் மாந்தோப்புக்காரர் வீடு. அவருக்கு இது இரண்டாவது. முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாளாம்.

“ரொம்ப அமைதிக்கா. குரலே உசத்த மாட்டாரு. எங்க வீட்ல சத்தம் போடாத ஆம்பளைய நான் பாத்ததே இல்ல” என்றாள்.

ஸ்டாஃப் விலையில் ஒரு ஹீட் பம்ப் எடுத்து, சீர்வரிசையாக, கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டில் மாட்டச் சொல்லியிருக்கிறாள். அவள் பற்றவைத்த மெஷினையே தேடி எடுத்தாளாம். சொல்லும்போது முகம் சிவந்தது.

நவம்பர் 28

முனிவேல் கூப்பிட்டார். போச்சம்பள்ளிப் பக்கத்துப் பிளம்பர். எங்கள் மெஷினை நிறைய வீடுகளில் வைத்தவர், அநாவசியமாகப் போன் பண்ணமாட்டார்.

ஒரு வீட்டில் சுடுதண்ணீர் பற்றவில்லை என்று புகார். இருப்பது மூன்று பேர், டேங்க் பெரியது. எப்படிப் பற்றாமல் போகும்? கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், மிஷின ரூமுக்குள்ள வெச்சிருக்குதுங்க. மூடின ரூமு.”

நன்றாகத் திட்டினேன். ஹீட் பம்ப் சுற்றியிருக்கிற காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சித்தான் தண்ணீருக்குக் கொடுக்கிறது. மூடின அறையில் வைத்தால் காற்றுக் குளிர்ந்துகொண்டே போகும். உள்ளே இருக்கிற கேஸும் பற்றிக்கொள்கிற கேஸ். கசிந்தால்? இதெல்லாம் அவருக்குத் தெரியாதா?

“தெரியுங்க. வெளிய வைக்கத்தான் போனேன். அந்த ஊட்டம்மா உள்ளதான் வைக்கணும்னு ஒரே புடியா நின்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “இப்ப உள்ள போனா குளிரு எலும்பு வரைக்கும் ஏறுதுங்க. செவுத்துல தண்ணி வழியுது. யாரோ மூச்சு வுடற மாதிரி சத்தம். மிஷின் சத்தந்தான், எனக்குத் தெரியுது. ஆனா இனிமே நான் அங்க ஒத்தையா போவல மேடம்.”

மெஷினின் நம்பரைக் கேட்டுப் பதிவைத் திறந்தேன். வாங்கியவர் பெயர்: லாவண்யா.

நவம்பர் 29

அவளிடம் சொல்லவில்லை. கல்யாண நேரத்தில் எதற்கு. நானே நேரில் போய்ப் பார்க்கிறேன் என்று மேனேஜர் ஹரீஷ்குமாரிடம் கேட்டுவிட்டேன்.

டிசம்பர் 5

போய்விட்டு வந்தேன். எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குருபரப்பள்ளியில் முனிவேல் ஏறிக்கொண்டார். வழியில், நவீனின் முதல் மனைவி சுஜாதா பாம்பு கடித்துச் செத்துப்போனதாக ஊரில் பேச்சு என்றார். காய்ச்சல் இல்லையா? அவருக்குத் தெரியவில்லை.

தோப்புக்கு நடுவில் வீடு. நல்ல வீடு. நவீனின் அப்பா வெள்ளைச்சாமி வாசலுக்கே வந்து வரவேற்றார். வெள்ளைச் சட்டை, இதமான பேச்சு. மருமகளாக வரப்போகிறவளின் கம்பெனி என்பதால் கூடுதல் மரியாதை. பேச்சோடு பேச்சாக மூத்த மருமகளைப் பற்றிச் சொன்னார். “பாவம், நெஞ்சு வலி. சின்ன வயசு.”

காய்ச்சல், பாம்பு, நெஞ்சு வலி.

அறை பின்பக்கம், குளியலறையை ஒட்டி. மூடின கதவுக்கு முன்னால் ஒரு பக்கெட், ஆவி பறக்கிற சுடுதண்ணீரோடு. யாராவது குளிக்கப் போகிறார்களா என்று கேட்டேன். நவீனின் அம்மா பார்வதி தூணை ஒட்டி நின்று தரையைப் பார்த்தார். வெள்ளைச்சாமி பக்கெட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தண்ணீர் பற்றாததன் காரணம் புரிந்துவிட்டது. அந்தம்மா நாள் முழுக்க வெந்நீர் பிடித்துப் பிடித்து அந்தக் கதவுக்கு முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறார்.

கதவுக்கு மேலேயும் கீழேயும் தாழ்ப்பாள். இரண்டும் வெளிப்பக்கம். வெள்ளைச்சாமி இடுப்பிலிருந்து சாவி எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

வெளியே நல்ல வெயில். உள்ளே என் வாயிலிருந்து புகை வந்தது. மெத்தை இல்லாத ஒரு கட்டில், மூலையில் மெஷின். ஜன்னலில் பலகை வைத்து அடித்திருந்தது. மெஷின் ஓடி ஓடி நிற்கும்போது ஒரு பெருமூச்சு விடும், அது எனக்குப் பழகின சத்தம். இருந்தாலும் வெளியே போகத் திரும்பினேன்.

திரும்பியபோதுதான் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். கீழ்ப் பாதியில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவரின் கை எட்டுகிற உயரம். முனிவேலும் பார்த்தார். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெஷினை வெளியே மாற்றியாக வேண்டும், அதுவரை ஜன்னலையாவது திறந்து வையுங்கள் என்றேன்.

“ஜன்னல் வேணாம்மா. மிஷின வெளிய எடுத்துருங்க. அடுத்த வாரம் ஆளு அனுப்புங்க” என்றார் வெள்ளைச்சாமி. அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே முன்பக்கம் போனார்.

பார்வதி அம்மா கிட்டே வந்தார்.

“நாந்தான் இங்க வைக்கச் சொன்னேன்.”

“ஏம்மா?”

“அவ போன பொறவு இந்தக் கதவ யாருமே தொறக்கல. மிஷின் வெச்சா தொறந்துதானே ஆவணும்? வந்த ஆளுங்க முன்னாடி இவரால மாட்டேன்னு சொல்ல முடியல. யாராச்சும் வந்து பாக்கணும்ல?”

அப்புறம் அவசர அவசரமாகச் சொன்னார். சுஜாதா மாலூர்ப் பக்கத்துப் பெண். கன்னடத்துக்காரி. வயிற்றில் இருந்தது கலைந்துபோய், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதிருக்கிறாள். “அங்க போயி இன்னா சொல்லுவாளோன்னு இவரு பூட்டிட்டாரு. மனசு தெளியட்டும்னாரு. நவீனு ஒண்ணும் பேசல. அவன் எப்பவும் ஒண்ணும் பேசமாட்டான். அவளுக்குக் காய்ச்சல் ஏறிப்போச்சு. பிசி நீரு, பிசி நீருன்னு கேட்டுக்கினே இருந்தா. சுடுதண்ணி. சாவி இவரு இடுப்புல. நான் கதவுக்கு இந்தாண்ட ஒக்காந்திருந்தேன்.”

முன்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“அப்பறம் கேக்கறத நிறுத்திட்டா” என்றார். “இப்ப மறுபடியும் கேக்கறா. உனக்குக் கேட்டுச்சா?”

“அது மெஷின் சத்தம்மா.”

“மிஷின் சத்தம் எனக்குத் தெரியும். அது வேற.” என் கையைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. “அந்தப் பொண்ணு உங்க கம்பெனிதானே. அவளுக்குச் சொல்லு.”

டிசம்பர் 6

அசோக் எல்லாம் கேட்டான். “போலீஸ்ல போய் என்னன்னு சொல்லுவ? கதவுல பெயின்ட் போயிருக்குன்னா?” என்றான். கேலி இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டான். அந்தம்மாவுக்குப் புத்தி பிசகியிருக்கலாம் என்றும் சொன்னான்.

இருக்கலாம். பக்கெட் வைக்கிறவர்தானே. ஆனால் புத்தி பிசகினவர், ஆள் வந்து கதவைத் திறக்கட்டும் என்று திட்டம் போட்டு மெஷினை உள்ளே வைப்பாரா?

இன்னொன்று. அந்த ஊரைச் சுற்றி அத்தனை சொந்தம் இருந்தும் மூத்தவளை மாலூரிலிருந்து எடுத்தார்கள். இளையவளை மணப்பாறையிலிருந்து. இரண்டு பேரும் தூரத்துப் பெண்கள். ஏன் என்று கேட்க உடனே ஓடிவர முடியாத சனம்.

டிசம்பர் 7

கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிப்போய் லாவண்யாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடவில்லை.

வெகுநேரம் தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்கம்மாவுக்கு மனசு சரியில்லன்னு அவரு மொதல்லயே சொல்லிட்டாருக்கா” என்றாள். அப்புறம், “நான் அவரையே கேட்டுக்கறேன்.”

கேட்காதே என்று அப்போதே நான் தடுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை.

சாயங்காலம் லைன் சூப்பர்வைசர் சொன்னார், இன்றைக்கு லாவண்யாவின் ஜாயின்ட் எல்லாம் சோதனையில் கசிகிறதாம்.

டிசம்பர் 11

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

காலையில் ஹெல்ப் லைனில் ஒரு ஆண் குரல். ரொம்பத் தணிந்த குரல். “நவீன்குமார் பேசறேன் மேடம். நீங்க மெஷினப் பாக்க வந்தீங்க. மெஷின மட்டும் பாருங்க.”

மிரட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. பேங்கில் பேசுவதுபோலப் பேசினார். மெஷினை மாற்ற இப்போது யாரும் வர வேண்டாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ரெஸ்டில் இருக்கிறார் என்றார்.

“எங்க இருக்காங்க?”

“வீட்லதான்.”

அவருக்குப் பின்னால் எங்கள் மெஷினின் விசிறி ஓடுவது கேட்டது. தினமும் போனில் கேட்கிற சத்தம், தப்பாது. அவர் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு ஊடே யாரோ மரத்தில் தட்டினார்கள். மெதுவாக. ஒரு தட்டு, இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. போனை வைத்துவிட்டார்.

முனிவேலை அனுப்பினேன். வெள்ளைச்சாமி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஆனாலும் அந்த மனுஷன் தோப்பு வழியாகச் சுற்றிப் போய், பலகை அடித்த ஜன்னலில் விரலால் தட்டிப் பார்த்திருக்கிறார். மூச்சு வாங்க என்னைக் கூப்பிட்டார்.

“உள்ளாற இருந்து திருப்பித் தட்டுச்சு மேடம். நான் ஓடியாந்துட்டேன். அந்தப் பொண்ணுதான், சுஜாதாதான், சத்தியமா—”

“முனிவேல், அது சுஜாதா இல்ல. பார்வதி அம்மா.”

“அய்யோ” என்றார், மெதுவாக.

மார்கழி பிறக்கப்போகிறது. வயசான பொம்பளை. மூடின அறை. அதைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது எங்கள் மெஷின். நெட்டோடு இணைந்த மெஷின்தான், என் கம்ப்யூட்டரிலிருந்தே அணைத்தேன். என் கைக்கு எட்டியது அவ்வளவுதான்.

பெண்கள் உதவி எண்ணுக்கும் போலீசுக்கும் சொல்லிவிட்டேன். காலையில் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். காலையிலா?

நான் சொன்னேன், லாவண்யா கேட்டாள், அவர்கள் கதவை மூடிவிட்டார்கள். இந்த வரிசை மண்டையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 12

விடிந்ததும் லாவண்யா யூனிஃபார்மோடு என் வீட்டு வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“ராத்திரி நீங்க சொன்னதும் அவருக்குப் போன் பண்ணி, அம்மாவ வீடியோல காட்டுங்கன்னேன். தூங்கறாங்கன்னாரு. நான் அழுதேன், கத்துனேன், வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன். அவரு சிரிச்ச முகமாவே, சரி, போன வெச்சிடட்டான்னு கேட்டாருக்கா.”

ஹரீஷ்குமாரிடம் போனோம். உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். “மூடின ரூம்ல நம்ம கேஸ் மெஷின் இருக்கு. உள்ள ஆள் இருக்கு. இது போதும். கசிவுச் சோதனைன்னு வேன் எடுத்துட்டுப் போங்க. போலீசுக்கு நான் மறுபடி பேசறேன்.”

முனிவேல் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது. குருபரப்பள்ளியில் எங்களுக்கு முன்பே வந்து, பெரிய ரென்ச்சோடு நின்றிருந்தார்.

வெள்ளைச்சாமி லாவண்யாவைப் பார்த்ததும் திகைத்தார். “நீ எதுக்கும்மா இதுக்கெல்லாம்?”

“நான் பத்தவெச்ச மெஷின் மாமா. கேஸ் கசிஞ்சா நான்தான் பதில் சொல்லணும். சாவி குடுங்க.”

“அவளுக்கு ஒடம்பு சரியில்ல. யாரும் பாக்கக் கூடாது.”

நவீன் தாழ்வாரத்தில் நின்றிருந்தான். அப்போதுதான் அவனை முதல்முறை பார்க்கிறேன். அழகான பையன். தடுக்கவில்லை, அப்பாவிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லவும் இல்லை. நின்றான். லாவண்யா அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் முனிவேலைப் பார்த்து, “அண்ணே, நெம்புங்க” என்றாள்.

வெள்ளைச்சாமி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே நின்றேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை, கால் நகரவில்லை. பூட்டு தெறித்தது. கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே யாரோ அதில் சாய்ந்திருந்தார்கள்.

பார்வதி அம்மா தரையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. லாவண்யா தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தி, மடியில் சாய்த்துக்கொண்டாள். நானும் குனிந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “மெஷின நேத்தே நிறுத்திட்டேம்மா. அதுக்கப்புறம் குளிர் கொஞ்சம் கொறஞ்சுதா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

“மிஷின் நின்னுச்சு. மூச்சு நிக்கல.”

போலீஸ் ஜீப் தோப்புக்குள் திரும்புகிற சத்தம் கேட்டது.

டிசம்பர் 13

குளித்தேன். குழாயை மூடிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அசோக் கதவைத் தட்டியதும் அலறிவிட்டேன்.

டிசம்பர் 24

பார்வதி அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், தன்னையும் விட்டுவைக்காமல். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததையும் சொல்லியிருக்கிறார். வெள்ளைச்சாமியையும் நவீனையும் பிடித்துவிட்டார்கள். ஸ்டேஷனிலும் நவீன் ஒன்றும் பேசவில்லையாம்.

மாலூரிலிருந்து சுஜாதாவின் அப்பா வந்திருந்தார். மகளை எரித்த பிறகுதான் அவருக்குப் போன் போயிருக்கிறது. என்னிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. முனிவேல் தெரிந்த கன்னடத்தில் பதில் சொன்னார். என்ன கேட்டார் என்றேன்.

“அந்த ரூம்ல வெளிச்சம் இருந்துச்சான்னு கேக்கறாருங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இருந்துச்சுன்னுட்டேன்.”

ஜனவரி 9

போலீஸ் பார்த்து முடித்ததும் மெஷின் எங்களிடமே திரும்பி வந்தது. சோதித்தோம். ஒரு குறையும் இல்லை.

ஒன்றுதான். மெஷினை அணைத்தாலும் அதன் சென்சார் அறைக் காற்றின் சூட்டை அளந்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நான் அணைத்ததிலிருந்து கதவு திறக்கும்வரை அறை மெல்லச் சூடாகியிருக்க வேண்டும். உள்ளே உயிரோடு ஒரு ஆள் வேறு. ஆனால் கம்ப்யூட்டரில் அந்தச் சூட்டின் கோடு கீழேயே இறங்கிக்கொண்டு போகிறது. ஹரீஷ்குமார் சென்சார் கோளாறு என்றார். அதைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தேன். சரியாக வேலை செய்கிறது.

அவரிடம் சொல்லவில்லை. லாவண்யாவிடம் சொன்னேன். அவள் எதுவும் கேட்காமல் மெஷினை லைனுக்குத் தள்ளிப்போய், கேஸை இறக்கிவிட்டு, தான் வைத்த ஜாயின்ட் ஒவ்வொன்றையும் தீயால் இளக்கிப் பிரித்தாள். செம்பைத் தனியாக, இரும்பைத் தனியாக ஸ்கிராப்பில் போட்டாள்.

பிப்ரவரி 4

கல்யாணம் நடந்திருந்தால் இன்று. லாவண்யா வேலைக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் அப்பா கூப்பிட்டு, ஊரில் தலைகாட்ட முடியவில்லை என்று கத்தினார். அவள் போனை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

“கத்தட்டும்க்கா. கத்துறவர் மனசுல என்ன இருக்குன்னாவது தெரியுது.”

ஜூன் 17

மழைக்கு முந்தைய புழுக்கம். வேலை குறைவு. லாவண்யா எங்கள் பிரிவுக்கு மாறி வந்து இன்று முதல் நாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். லைன் வேலை தெரிந்தவள் என்பதால் ஹரீஷ்குமார் மறுக்கவில்லை. என் பக்கத்து நாற்காலி. காலையில் கொஞ்சம் தடுமாறினாள், மத்தியானத்துக்குள் பழகிவிட்டாள்.

சாயங்காலம் கெலவரப்பள்ளியிலிருந்து ஒரு பிளம்பர். மெஷினை எங்கே வைப்பது என்று கேட்டார்போல. அவள் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

“பின்னாடி ரூமா? மூடின ரூம் ஆகாதுண்ணே, காத்து வேணும்... பூட்டியே கெடக்கா? ஏன் பூட்டி வெச்சிருக்காங்க?... யாரும் இல்லன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க தொறந்து பாத்தீங்களா?... பரவால்லண்ணே, நான் லைன்லயே இருக்கேன். சாவி வாங்கித் தொறந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அவள் காத்திருந்தாள். எனக்கு ஒரு அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. ஹரீஷ்குமார் தன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தார். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

“மாங்கா கூடையா? வெறும் கூடைதானா?... எல்லாத்தையும் நகத்திப் பாத்தீங்கல்ல?” மூச்சை விட்டாள். “சரிண்ணே. மெஷின வெளிய, நெழல்ல வைங்க. சுத்தி ஒரு கை நீளம் எடம் விடுங்க.”

அடுத்த அழைப்பை எடுத்தாள்.